தாம்பாளத்துக்கு வெளியே வால்

ஏப்ரல் 19

சர்க்கரை: சாப்பிடும் முன் 212. நடை: வாசலிலிருந்து டீக்கடை வரை. திரும்பும்போது மைத்துனன் தனபாலனின் பைக்.

டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்து மூன்று விஷயங்களை எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன், மனம் எப்படி இருந்தது. முதல் இரண்டும் சரி. மனசை எழுதச் சொல்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். அடித்தல் திருத்தல் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

முதல் பக்கத்தில் கேட்டிருந்த விவரம்: வைரக்கண்ணு, வயது 57, ஊர் மேலத்துறை, தொழில் விசைப்படகு உரிமையாளர். என் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பவள் இளைய மகள் சுடர்க்கொடி. டவுனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரான் விரலை மெதுவாகக் குத்துவாளாம். அப்பன் விரல் என்றால் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது.

மனம்: ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை மீன்கள் நிம்மதியாக முட்டையிடட்டும் என்று அரசாங்கம் எங்கள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டது. மீனுக்குப் பிரசவ விடுப்பு கொடுத்து என்னை வீட்டில் உட்கார வைத்தால் மனம் எப்படி இருக்கும். அப்படித்தான் இருக்கிறது.

ஏப்ரல் 23

சர்க்கரை 205. இரண்டு இட்லி. (மூன்று.)

செந்தாமரை அடுப்படியில் நின்றபடி, "இன்னும் எத்தன நாளுங்க?" என்று கேட்டாள். தொழிலைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று நினைத்து, ஐம்பத்திரண்டு நாள் என்றேன். பெருமூச்சு விட்டு, நான் மாற்றி அடுக்கிய மளிகை டப்பாக்களைத் திரும்பப் பழையபடி அடுக்கினாள்.

ஏப்ரல் 27

சர்க்கரை 231. இதற்குக் காரணம் சாப்பாடு அல்ல.

சுடர்க்கொடிக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். துறைமுகத்தில் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் முகிலன். பையன் நல்லவன். என் படகு எஞ்சினை அவனைத் தவிர யாரையும் தொட விடமாட்டேன். ஆனால் எஞ்சின் வேறு, பெண் வேறு. அதைச் சொன்னேன்.

"எஞ்சின நம்பித்தானே உசுர ஒப்படைச்சுட்டுக் கடலுக்குப் போறீங்க. பொண்ண ஒப்படைக்கக் கூடாதா?" என்றாள் செந்தாமரை.

சிக்கல் பையனின் அப்பா. கோடித்திட்டு குப்புராசு. எங்கள் ஊருக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் சின்ன மீனவக் குடியிருப்பு கோடித்திட்டு. அங்கே எல்லோரும் ஃபைபர் படகில் போய்த் தூண்டில் போடுகிறவர்கள். சின்னப் படகுகளுக்குத் தடைக்காலம் கிடையாது. மூன்று வருஷம் முன்னால் எங்கள் இரட்டைமடி குப்புராசுவின் தூண்டில் கயிறுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. தெரியாமல் நடந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துக்கொண்டோம். அதிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். வாய் திறக்கமாட்டார்.

இரட்டைமடி என்றால் என்ன என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். என் படகும் தனபாலன் படகும் இணையாகப் போகும். நடுவில் ஒரே வலை. கண் சின்னது, வாய் பெரிது. கடலடியில் இருப்பதெல்லாம் வந்துவிடும். சட்டப்படி கூடாது. மேலத்துறைக்கு அதைக் கொண்டுவந்த முதல் ஆள் நான்தான். அந்த வருஷம் திருவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மே 3

சர்க்கரை 198. கோடித்திட்டுக்காரர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். கேசரி சாப்பிடவில்லை. (ஒரு கரண்டி.)

குப்புராசு நான்கு வார்த்தை பேசினார். நான்கும் பெண்ணைப் பற்றித்தான். பரிசம் ஜூன் 5 என்று முடிவாயிற்று.

பரிசத்தன்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பையன் வீட்டார் பெண்ணுக்குப் புடவை கொண்டுவருவார்கள். பெண்ணைப் பெற்றவன் பையனைப் பெற்றவருக்கு ஒரு முழு வஞ்சிரத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் தாம்பாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மீனை வெட்டக் கூடாது, வளைக்கவும் கூடாது. எந்தக் குறையானாலும் பேசிச் சரிக்கட்டிவிடலாம், மீன் உள்ளடங்கிப் போனால் மட்டும் பேரப்பிள்ளை காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள்.

கோடித்திட்டுக்காரர்கள் முன்னால் நான் சின்ன மீனோடு நிற்க முடியாது. கடலை வழித்து எடுத்தவன் வீட்டில் ஒரு மீன் இல்லையா என்று கேட்பார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் குப்புராசு தலையை அசைப்பார். அது போதும்.

மே 4

பரணிலிருந்து தாம்பாளங்களை இறக்கினோம். பெரிய பித்தளைத் தாம்பாளம் மூன்றடி. என் தங்கையின் பரிசத்துக்கு அப்பா கொண்டுவந்த மீன் அதில் இரண்டு பக்கமும் அரை முழம் நீட்டிக்கொண்டு நின்றது. எட்டு வருஷம் முன்னால் மூத்தவள் பரிசத்தின்போது கிடைத்த மீன் அதே தாம்பாளத்துக்குள் படுத்துத் தூங்கியது. செந்தாமரை அவசரமாகக் கடைக்குப் போய் இரண்டடியில் ஓர் எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தாள். அதில் வால் வெளியே வந்தது, மானம் உள்ளே இருந்தது.

யோசித்துப் பார்த்தால் மீன் ஒன்றும் குறையவில்லை. அந்தக் காலத்தில் தாம்பாளத்தைத் தேவையில்லாமல் பெரிதாகச் செய்திருக்கிறார்கள்.

மே 10

சர்க்கரை 209. நடை: ஐஸ் ஃபேக்டரி வரை.

"தடைக்கு முந்தி கடசியா போனீங்களே, அதுல ஒண்ணு எடுத்து வச்சுருக்கலாம்ல?" என்று செந்தாமரை கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள்.

அன்றைக்கு இருபது கூடை வந்தது. பதினேழு கூடை கழிசல். கழிசல் என்றால் விரல் நீளக் குஞ்சுகள், யாரும் சமைக்க முடியாது, கோழித்தீவன ஆலை லாரி வந்து அள்ளிப்போகும். இரண்டு கூடை நண்டும் கணவாயும். ஒரு கூடை முழுக்கச் சொறி, தொட்டால் அரிக்கிற இழுதுமீன். அதை வாங்க ஆளில்லை, திரும்பக் கடலில் கொட்டினோம். கழிசலில் வஞ்சிரமும் இருந்தது. நான் பார்த்தேன். என் கைக்கடிகாரப் பட்டை அளவு.

"டீ சாசர்ல வச்சா தலையும் வாலும் வெளிய நிக்கும்" என்றாள்.

இந்த நோட்டில் மனைவியைப் பற்றி எழுதலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மே 16

சர்க்கரை 226. நடை: மூன்று கிலோமீட்டர். யாருக்கும் தெரியாமல் நடந்ததால் கொஞ்சம் சுற்றுவழி.

டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மீன் கடை திறந்திருக்கிறார்கள். வெளி மாநிலத்து மீன், பனிக்கட்டி போல உறைந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். முப்பத்தைந்து வருஷம் மீன் பிடித்தவன் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினேன்.

பெரிய வஞ்சிரம் இருந்தது. தட்டிப் பார்த்தால் கதவைத் தட்டுவது போல் சத்தம் வந்தது. வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். பரிசத்துக்கு ஆகாது. கல்லாவிலிருந்த பெண் நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "மொதல் தடவ மீன் வாங்குறீங்களா சார்? செவுள பாத்து வாங்கணும். செகப்பா இருந்தா ஃப்ரெஷ்ஷு" என்று சொல்லிக்கொடுத்தாள். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 17

241. எழுத விருப்பமில்லை.

மே 24

சர்க்கரை 203.

மீன் தரகர் பக்கிரிசாமியிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதத்தில் பெரிய வஞ்சிரம் தூண்டிலில்தான் கிடைக்கும், சின்னப் படகுகள்தான் கொண்டுவரும். "யாரு புடிச்சதுன்னு எங்கிட்ட சொல்லாதே. யாருக்குன்னு அவங்ககிட்ட சொல்லாதே" என்றேன். கல்யாண புரோக்கர்கூட இவ்வளவு ரகசியம் காத்ததில்லை என்றார். விலையை இங்கே எழுத மாட்டேன். டாக்டருக்கு ரத்த அழுத்தம் வந்துவிடும்.

ஜூன் 3

சர்க்கரை 171.

வந்துவிட்டது. மூன்றரை அடி. முதுகு நீலம், வயிறு வெள்ளி, கண் இன்னும் நம்மைப் பார்க்கிறது. பரணில் ஏறி நானே பித்தளைத் தாம்பாளத்தை இறக்கினேன். தலையும் வாலும் வெளியே. இந்த வீட்டில் அந்தத் தாம்பாளத்துக்கு வெளியே ஒரு வால் நீண்டு முப்பது வருஷம் இருக்கும்.

வாலின் நுனியில் மட்டும் இரண்டு சின்ன வெட்டுகள் இருந்தன. ஐஸ் பெட்டியின் தகரம் கிழித்திருக்கும். அந்த இடத்தில் சாமந்தி வைத்துவிடச் சொன்னேன்.

ராமேஸ்வரத்துப் பக்கம் இருக்கிற நண்பர் அனுப்பியது என்று வீட்டில் சொன்னேன். மீனைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த செந்தாமரை "உம்" என்றாள்.

ஜூன் 5

பரிசம் நல்லபடி முடிந்தது. ஜாங்கிரி இரண்டு. இன்றைக்குச் சர்க்கரை பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கோடித்திட்டுப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். நான் மீசையைத் தொட்டுக்கொண்டேன், அதைச் சுடர்க்கொடி போட்டோ எடுத்துவிட்டாள். மயில்நீலப் புடவையில் நன்றாக இருந்தாள். குத்துகிற கை என்று சொல்லவே முடியாது.

குப்புராசு தாம்பாளத்தை வாங்குவதற்கு முன் சாமந்தியை நகர்த்தி, வாலை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல மீனு சம்பந்தி. தூண்டி மீனு. வலையில அடிபட்ட ஒடம்பு இப்புடி மினுங்காது" என்றார்.

"ராமேஸ்வரத்துலேர்ந்து நமக்கு வேண்டியவரு ஒருத்தரு அனுப்புனாரு" என்றேன்.

"அப்புடியா. ரொம்ப தூரம் வந்துருக்கு" என்று சொல்லித் தலையை அசைத்தார். என்னிடம் அவர் இவ்வளவு பேசி மூன்று வருஷமாகிறது. மனம்: மிகவும் நன்றாக இருந்தது.

ஜூன் 7

சர்க்கரை 219.

மத்தியானம் செந்தாமரை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த வாலுல ரெண்டு வெட்டு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"ஐஸ் பெட்டி கிழிச்சுது."

"கோடித்திட்டுல ஏழெட்டுப் படகுக்கு ஒரே ஐஸ் பெட்டிங்க. எது யாரு மீனுன்னு தெரியணும்ல. அதுக்கு வாலுல வெட்டி வைப்பாங்க. ஒரு வெட்டுன்னா ஒருத்தரு. ரெண்டு வெட்டுன்னா குப்புராசு அண்ணன்."

நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன். அவள் கல்யாணத்துக்கு முன் கோடித்திட்டுக் கரையில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்றவள். மீனைக் கழுவும்போதே தெரிந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? வேற மீனு இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தையும் சொன்னாள். முகிலன் சுடர்க்கொடியிடம் சொல்லியிருக்கிறான். குப்புராசு பதினோரு நாள் வெறுங்கையோடு திரும்பி, பன்னிரண்டாம் நாள் அந்த மீனைப் பிடித்திருக்கிறார். பரிசப் புடவை எடுக்க அதைப் பக்கிரிசாமியிடம் போட்டிருக்கிறார்.

"நம்ம பொண்ணு கட்டியிருந்த புடவையும் அந்த மீனுதான். நீங்க தூக்கிக் குடுத்ததும் அந்த மீனுதான்" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவள் குரலில் கேலி இல்லை.

மனம்: வெட்கமாக இருக்கிறது. டாக்டர் கேட்டார், எழுதிவிட்டேன். அவருடைய மீனை அவர் கையிலேயே கொடுத்து மீசையைத் தொட்டிருக்கிறேன். கோடித்திட்டில் சின்னப் பிள்ளைகூட அந்த வெட்டைப் படித்திருக்கும். எனக்கு மீன் என்றால் கூடை. இத்தனை கூடை வந்தது, இத்தனை கூடை போயிற்று. ஒரு மீனைத் தனியாக எடுத்துத் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவர் அந்தச் சபையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் 9

சர்க்கரை 208. மோர் மட்டும்.

ஏப்ரல் 27-ஆம் தேதி, குப்புராசுவின் தூண்டில் கயிறுகள் எங்கள் வலையில் வந்தது தெரியாமல் நடந்தது என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கொடி தெரிந்தது. இங்கே தூண்டில் கிடக்கிறது என்று காட்டுவதற்காக அவர்கள் மிதவையில் கட்டும் சிவப்புக் கொடி. நான்கு கொடி. பட்டப்பகல். தனபாலன் வயர்லெஸ்ஸில் கேட்டான், "அத்தான், திருப்பவா?" என்று. வலை கனத்துக்கொண்டிருந்தது. திருப்பினால் மீன் கலைந்துவிடும். நேராப் போ என்றேன்.

ஜூன் 11

சர்க்கரை 190.

குப்புராசு சைக்கிளில் வந்தார். கல்யாண மண்டபம் பற்றிப் பேசினார். டீ குடித்தார். மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான்தான் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்து, இரண்டு தடவையும் மண்டபத்தில் மின்விசிறி எத்தனை என்று கேட்டேன்.

கிளம்பும்போது சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"பதினஞ்சாம் தேதி காலம்பர எந்தப் பக்கம் இழுக்கப் போறீங்க சம்பந்தி? சொன்னீங்கன்னா நான் அந்தப் பக்கம் தூண்டி போடாம ஒதுங்கிக்குவேன்."

குத்திக்காட்டக் கேட்கவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், வாய்க்கு நான் பஞ்சம் வைத்ததில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டார். இனிமேல் சொந்தக்காரராகிவிட்டோம், கயிறு அறுந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம், அதனால் தான் விலகிக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருக்கிறார்.

"சொல்றேன்" என்றேன். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூன் 13

சர்க்கரை 184. நடை: வலைக்கொட்டகை வரை. காலை முழுக்க அங்கேதான் இருந்தேன், எலி மருந்து வைக்க.

கொட்டகையில் எலித்தொல்லை மோசமாகிவிட்டது. இரட்டைமடியின் வாய்க்கயிறு நான்கு இடத்திலும், பின்பக்க வலை ஆறேழு இடத்திலும் அறுந்து கிடக்கிறது. ஒரு மாசத்திலும் கோக்க முடியாது. தனபாலனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவன் கயிற்று முனையை எடுத்துப் பார்த்தான். எலி கடித்தால் நார் நாராகத் தொங்கும். இது சீவினாற்போல் இருந்தது. நல்ல பல்லுள்ள எலி.

"அத்தான், ஒத்தப் படகா போனா டீசலுக்கே காணாது. ஒங்களுக்குப் பொண்ணு கட்டிக்குடுக்குற வேல முடிஞ்சுது. எனக்கு ரெண்டும் படிச்சுட்டு இருக்கு" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. பெரிய கண் வலை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை நீ எடுத்துக்கொள், எனக்குப் பழையது போதும் என்றேன். அவன் பைக்கை உதைத்தான். இரண்டு நாள் பேசமாட்டான். ஒரு வாரம்கூட ஆகலாம்.

வீட்டுக்கு வந்தால் செந்தாமரை மீன் வெட்டும் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள். "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எனக்கு நான்காவது இட்லியை வைத்தாள், தானாகவே.

ஜூன் 14

சர்க்கரை 162. நடை: கோடித்திட்டு வரை, போக இரண்டு கிலோமீட்டர். பைக் இல்லை.

இன்றோடு தடை முடிகிறது. துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார்கள், புதுப் பெயின்ட் வாசனை ஊர் முழுக்க அடிக்கிறது. நான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வடக்கே நடந்தேன்.

குப்புராசு கரையில் படகு நிழலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தூண்டிலாகக் கூடை விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்க என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. மீன் பற்றி, கொடி பற்றி, எல்லாம் வரிசையாக. வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"கொடி தெரிஞ்சுது சம்பந்தி. அன்னைக்கி."

"தெரியும்" என்றார். "நாலு கொடி தெரியாமப் போவுமா." கையிலிருந்த தூண்டிலை மாட்டி முடித்தார்.

"நாளைக்கி நீங்க எந்தப் பக்கம் போடுறீங்க? சொன்னீங்கன்னா நான் அந்தப் பக்கம் வரல."

அடுத்த தூண்டிலை எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தெற்கே பார்த்தார். கிழக்கே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"டக்குனு சொல்ல வரல சம்பந்தி" என்றார். "இம்புட்டு நாளும் நீங்கள்லாம் போனதுபோக மிச்ச எடத்துலதானே போட்டேன். எனக்கு எங்க வேணும்னு யோசிச்சதில்ல."

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.